வீட்டில் இல்லாத மருமகள்

ஜப்பானிய மொழியில் மருமகளுக்கு 'யோமே' என்று பெயர். அதற்கான சித்திர எழுத்தில் இடப்பக்கம் பெண் இருப்பாள், வலப்பக்கம் வீடு இருக்கும். அந்த நாட்டின் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டு விதிகளை எப்போது படித்தாலும் எனக்கு இந்த எழுத்துதான் நினைவுக்கு வரும். விதிகளில் எங்கும் மருமகள் என்ற சொல் கிடையாது. ஆனாலும் அவள் அடுப்படியில் நிற்கிறாள் என்று நம்பிக்கொண்டு எழுதிய விதிகள் அவை.

1972-ல் அரியோஷி சவாகோ எழுதிய 'கோகோட்சு நோ ஹிதோ' என்ற நாவல் வந்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண். மாமியார் திடீரென்று இறந்துபோக, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் மாமனார் அவள் பொறுப்பில் வந்து விழுகிறார். பெற்ற மகனை அவருக்கு அடையாளம் தெரியாது, மருமகளைத் தெரியும். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த நாவல் அடுத்த ஆண்டே திரைப்படமானது. வாசகர்கள் அதைக் கற்பனையாக எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. 1980-ல்கூட, 65 வயதைத் தாண்டியவர் இருந்த வீடுகளில் பாதி மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்த வீடுகள்தாம். அந்த வீடுகளில் படுக்கையில் விழுந்தவருக்கு மலஜலம் எடுப்பது யார் வேலை என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. சில ஊர்களில் 'முன்மாதிரி மருமகள்' என்று விருதுகூடக் கொடுத்தார்கள். விருது என்ற ஒன்று வந்துவிட்டாலே அந்த வேலைக்குச் சம்பளம் வராது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1956-ல் நாகானோ மாகாணம், ஆள் துணை இல்லாத வீடுகளுக்கு உதவிப் பெண்களை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. போனவர்களில் கணவரை இழந்து பிழைப்புத் தேடிய பெண்கள் பலர். இரண்டு ஆண்டில் ஒசாகாவும் அதைப் பின்பற்றியது. 1963-ன் முதியோர் நலச் சட்டம் அந்த உதவியை நாடு முழுவதுக்கும் ஆக்கியது. ஆனால் அது வறியவருக்கான உதவி. நகராட்சி ஊழியர் வந்து விசாரிப்பார், வருமானம் பார்ப்பார், வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார், பிறகு முடிவு செய்வார். இந்த ஏற்பாட்டுக்கு நிர்வாக மொழியில் 'சோச்சி' என்று பெயர், 'நடவடிக்கை' எனலாம். முதியவர் கேட்டுப் பெறுவதல்ல, அரசு அவர்மீது எடுக்கும் நடவடிக்கை. கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களுக்கும் உதவியாளர் வரலாம் என்ற நிலை 1982-ல்தான் வந்தது. வந்தும் பலர் கூப்பிடவில்லை. வாசலில் நகராட்சி ஆள் வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள்? அந்த வீட்டு மருமகள் சரியில்லை என்றுதான்.

வேறொரு வழியும் இருந்தது, ஆஸ்பத்திரி. 1973-ல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வைத்தியம் இலவசமானது. நோய் குணமாகியும் வீட்டுக்கு அனுப்ப வழியில்லாத முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தார்கள். 'சமூகக் காரணத்துக்கான அனுமதி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதில் அவமானம் கிடையாது, வியாதிக்காரர்தானே. ஆனால் செலவு தாங்கவில்லை. 1983-ல் முதியவர்களும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்றாயிற்று. 1989 டிசம்பரில் 'கோல்டு பிளான்' என்ற பத்தாண்டுத் திட்டத்தை அறிவித்தார்கள். ஏறக்குறைய 30,000 ஆக இருந்த வீட்டு உதவியாளர்களை 1,00,000 ஆக்குவது இலக்கு. முதியவர்கள் பெருகிய வேகத்துக்கு அதுவும் போதவில்லை. ஐந்தே ஆண்டில் இலக்கை 1,70,000 என்று மாற்றினார்கள்.

காப்பீட்டுச் சட்டம் 1997 டிசம்பரில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்த இடைவெளியில் நடந்த சண்டைதான் எனக்கு மிகச் சுவையாகப் படுகிறது. ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சியின் கொள்கைத் தலைவராக இருந்த கமெய் ஷிசுகா, பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் அழகிய வழக்கம் இந்தச் சட்டத்தால் கெட்டுப்போகும் என்று 1999-ல் கொடி பிடித்தார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுங்கள் என்ற குரலும் எழுந்தது. ஜெர்மனியில் 1995-ல் தொடங்கிய காப்பீடு அப்படித்தான் கொடுக்கிறது, ஆகவே அபத்தமான யோசனை அல்ல. எதிர்த்தவர்கள் பெண்கள். ஹிகுச்சி கெய்கோ 1983-ல் தொடங்கிய, முதியோர் சமூகத்தை மேம்படுத்த விரும்பும் பெண்களின் அமைப்பு முன்னணியில் நின்றது. பணம் வந்தால் அது மாமனார் பெயருக்கு வரும், வேலை மருமகள் தலையில் வரும், இனி 'அதான் காசு கொடுக்கிறார்களே' என்ற பேச்சும் சேர்ந்து வரும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அவர்கள் ஜெயித்தார்கள். ஜப்பானியக் காப்பீடு குடும்பத்தின் கையில் காசு கொடுப்பதில்லை, ஆளைத்தான் அனுப்புகிறது. கமெய் தரப்புக்கு ஓர் ஆறுதல் பரிசு கிடைத்தது: முதியவர்களிடம் முதல் ஆறு மாதம் சந்தா வாங்கவில்லை, அடுத்த ஓராண்டு பாதி சந்தா.

2000 ஏப்ரல் 1. 'கைகோ ஹோகென்' என்ற பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. 40 வயதானவர் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். 65-ஐத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஓய்வூதியத்திலேயே பிடித்துவிடுவார்கள். செலவில் பாதி சந்தாப் பணம், பாதி வரிப் பணம். நடத்துவது நகராட்சி. வருமானம் கேட்பதில்லை, மகன் இருக்கிறானா, மருமகள் இருக்கிறாளா என்பதையும் தகுதிக்குக் கணக்கில் எடுப்பதில்லை. உடம்பும் மனமும் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பது ஒன்றே கணக்கு. நகராட்சி ஆள் வந்து கேள்விப் பட்டியலோடு உட்காருவார் (இப்போது 74 கேள்விகள்), கணினி ஒரு மதிப்பெண் போடும், குழு ஒன்று கூடித் தரம் சொல்லும். இன்றைய தரங்கள் ஏழு: 'ஆதரவு' 1, 2; 'பராமரிப்பு' 1 முதல் 5 வரை. தரத்துக்கேற்ப மாத உச்சவரம்பு உண்டு. மிகத் தளர்ந்த ஐந்தாம் தரத்துக்கு இன்று 36,217 புள்ளிகள். ஒரு புள்ளி பத்து யென், பெருநகரங்களில் சற்றுக் கூடுதல். அந்த வரம்புக்குள் எந்த நிறுவனத்தின் உதவியாளரை, எந்தெந்த நாளில் கூப்பிடுவது என்பதைக் 'கேர் மேனேஜர்' என்பவர் குடும்பத்தோடு பேசித் திட்டம் போடுவார். பெரும்பாலானவர்கள் செலவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கட்டினால் போதும்.

அவமானம் கரைந்த வேகம் ஆச்சரியமானது. சந்தா கட்டியிருக்கிறேன், வாங்கிக்கொள்கிறேன், இதில் என்ன கூச்சம்? நகராட்சி ஆள் போய் 'ஹெல்ப்பர்-சான்' வந்தார். 'சான்' என்பது நம் 'அவர்கள்' போல ஒரு மரியாதை ஒட்டு. தொடங்கியபோது தரம் பெற்றிருந்தவர்கள் 22 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்று ஏறத்தாழ 70 லட்சம் பேர். சட்டம் போட்டு ஊர் வாயை மூட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

ஆனால் விலைப் பட்டியலைப் பாருங்கள். 2000-ல் உடல் பராமரிப்பு, அதாவது குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, அரை மணிக்கு மேல் ஒரு மணிக்குள் என்றால் 4,020 யென். வீட்டு வேலை உதவி, அதாவது சமைப்பது, துவைப்பது, பெருக்குவது, அதே நேரத்துக்கு 1,530 யென். இரண்டும் கலந்திருந்தால் 2,780. பாட்டியின் உடம்பைத் துடைத்தால் ஒரு விலை, பாட்டி உட்காரும் கழிவறையைத் துடைத்தால் அதில் பாதிகூட இல்லை. இந்த 1,530 எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது: சமையலும் துணி துவைப்பதும் அதுவரை வீட்டில் இலவசமாக நடந்துகொண்டிருந்த வேலைகள். இலவசமாகச் செய்த வேலைக்கு விலை போடச் சொன்னால் யாரும் கூட்டிப் போடமாட்டார்கள். 2003-ல் நடுவகையை எடுத்துவிட்டு, வீட்டு வேலையை 'வாழ்க்கை உதவி' என்று பெயர் மாற்றி, 2,080 யென்னாக உயர்த்தினார்கள். இடைவெளி மறையவில்லை.

அடுத்தது, ஹெல்ப்பர்-சான் செய்யக் கூடாதவற்றின் பட்டியல். 2000-லேயே சுகாதார நல அமைச்சகம் சுற்றறிக்கை போட்டுவிட்டது. புல் பிடுங்கக் கூடாது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நாயை நடக்கக் கூட்டிப் போகக் கூடாது. ஜன்னல் கண்ணாடி துடைப்பது, தரைக்கு மெழுகு போடுவது, மேசை நாற்காலி நகர்த்துவது, கார் கழுவுவது, விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பது எதுவும் காப்பீட்டில் வராது. முதியவர் புழங்காத அறையைக் கூட்டுவதும், குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சேர்த்துச் சமைப்பதும் வராது. புத்தாண்டுக்கும் பண்டிகைக்கும் மெனக்கெட்டுச் செய்யும் விசேஷச் சமையலும் கூடாது. காரணம் புரிகிறது. பொதுப் பணத்தில் வேலைக்காரி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, நாற்பது வருடம் வளர்த்த தொட்டிச் செடி வாடுவதைப் பார்த்துக்கொண்டே, தனக்கு மட்டும் அளவாக ஆக்கி வைத்த சோற்றைத் தின்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயிருக்குத் தேவையானதும் வாழ்க்கைக்குத் தேவையானதும் எங்கே பிரிகின்றன என்று அந்தச் சுற்றறிக்கை சொல்லவில்லை. 'வாழ்க்கை உதவி' என்று பெயர் வைத்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து.

நகம் வெட்டுவதும்கூட வெகுநாள் தகராறாகவே இருந்தது. அது வைத்தியச் செயலா, ஹெல்ப்பர் செய்யலாமா? 2005-ல்தான் அமைச்சகம் தெளிவுபடுத்தியது: காய்ச்சல் பார்ப்பது, தானியங்கிக் கருவியில் ரத்த அழுத்தம் பார்ப்பது, கண்ணில் சொட்டு மருந்து விடுவது, கோளாறு இல்லாத நகத்தை வெட்டுவது எல்லாம் வைத்தியம் ஆகாது. தொண்டையில் கட்டிய சளியை உறிஞ்சி எடுக்க, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களுக்குச் சட்டப்படி அனுமதி வந்தது 2012-ல். இந்த இடத்தில் விதி தளர்ந்தது, பாராட்ட வேண்டும்.

இறுகிய இடங்கள் வேறு. முதலில், குடும்பம் கூட இருந்தால் என்ன என்ற கேள்வி. தகுதிக்கு மகனையும் மருமகளையும் கணக்கில் எடுப்பதில்லை என்றேன் அல்லவா? அவர்கள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். வாழ்க்கை உதவி என்பது தனியாக வாழ்பவருக்கு. அல்லது கூட இருக்கும் குடும்பத்தார் ஊனம், நோய் போன்ற காரணங்களால் வீட்டு வேலை செய்ய முடியாத நிலையில் இருக்கும்போது. விதி அப்படித்தான் சொல்கிறது. அதிலுள்ள 'போன்ற' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நகராட்சியும் ஒவ்வொரு பொருள் கொண்டது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்பும் மகன் அந்தப் 'போன்ற'வில் அடங்குவானா? பல இடங்களில் வீட்டில் ஆள் இருக்கிறது என்ற ஒரே வரியில் மறுத்தார்கள். கூட ஆள் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்காதீர்கள் என்று அமைச்சகம் 2007-லும் 2008-லும் 2009-லும் மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. ஒரே விஷயத்துக்கு மூன்று கடிதம் போனால், முதல் இரண்டு என்ன ஆயிற்று என்பதை ஊகிக்கலாம்.

பிறகு கடிகாரம். 2012 வரை வாழ்க்கை உதவிக்கு ஒரு மணி நேரம் என்பது எல்லைக்கோடு. அதற்குள் ஒரு விலை, அதற்கு மேல் ஒரு விலை. அந்த ஆண்டு கோட்டை 45 நிமிடத்துக்கு இழுத்தார்கள். அதற்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒரே கூலி. ஆகவே நிறுவனங்கள் 45-ல் முடிக்கச் சொல்லின. கால்மணி நேரத்தில் என்ன போய்விடும்? துவைக்கும் இயந்திரம் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், சோறு வேகும் நேரத்தில்தான் வேகும். குறைக்கக்கூடியது பேச்சு ஒன்றுதான். குளிர்பெட்டியைத் திறந்து, ஒரே மாதிரி டோஃபு ஆறு பொட்டலம் கெட்டுப்போய் இருப்பதைப் பார்த்து, பாட்டிக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று முதலில் கண்டுகொள்பவர் டாக்டராக இருக்கமாட்டார், ஹெல்ப்பராக இருப்பார். நின்று பார்ப்பதற்கும் பேச்சுக் கொடுப்பதற்கும் நேரம் வேண்டும். பட்டியலில் அதற்குப் புள்ளி இல்லை.

2015-லிருந்து ஆதரவு 1, 2 தரத்தாருக்கான வீட்டு உதவியை நாடு தழுவிய காப்பீட்டிலிருந்து எடுத்து, படிப்படியாக நகராட்சிகளின் சொந்தத் திட்டத்துக்கு மாற்றினார்கள். அதே ஆண்டு வசதியுள்ளவருக்குக் கட்டணப் பங்கு பத்தில் இரண்டு, 2018-ல் இன்னும் வசதியானவருக்குப் பத்தில் மூன்று. இதையாவது ஒப்புக்கொள்ளலாம். ஒப்ப முடியாதது 2018 அக்டோபரில் வந்த எண்ணிக்கை விதி. மாதம் நூறு தடவைக்கு மேல் ஹெல்ப்பர் போன வீடு ஒன்று உண்டு என்று நிதியமைச்சகம் முந்தைய ஆண்டு எடுத்துக்காட்ட, பெரிய பேச்சானது. கேட்டதும் யாருக்கும் புருவம் உயரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மறதி நோயோடு தனியாக இருப்பவருக்கு மூன்று வேளைச் சோறும் மாத்திரையும் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று என்றால் மாதம் தொண்ணூறு. நகராட்சிகளிடம் விசாரித்தபோது, இப்படிப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் உதவி நியாயமானதே என்று பதில் வந்தது. ஆனாலும் விதி வந்துவிட்டது. பராமரிப்பு 1-க்கு 27 தடவை, 2-க்கு 34, 3-க்கு 43, 4-க்கு 38, 5-க்கு 31. அதை எட்டும் திட்டமென்றால் கேர் மேனேஜர் நகராட்சிக்கு அனுப்பி விளக்கம் சொல்ல வேண்டும். தடை இல்லை என்கிறார்கள், தாக்கல் செய்தால் போதுமாம். தாக்கல் செய்து, குழு முன் உட்கார்ந்து பதில் சொல்வதைவிட 42-ல் நிறுத்திவிடுவது எளிது என்று எந்த மேனேஜருக்கும் தோன்றும்.

இவ்வளவையும் அரசு பொல்லாத மனத்தோடு செய்தது என்று நான் சொல்லமாட்டேன். 2000-ல் மொத்தச் செலவு 3.6 லட்சம் கோடி யென். இன்று மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. 65 வயதுக்கு மேற்பட்டவரின் சராசரி மாதச் சந்தா 2,911 யென்னில் தொடங்கி, 2024-ல் 6,225-க்கு வந்து நிற்கிறது. ஒசாகா நகரில் 9,249. ஓய்வூதியத்தில் பிடிக்கும் பணம், இதற்கு மேல் ஏற்றுவது கடினம். எங்காவது வெட்டியாக வேண்டும். வெட்டும்போதெல்லாம் கை நேராக வீட்டு வேலைப் பக்கம் போவதைத்தான் சொல்கிறேன். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. யார் அந்த யாராவது?

கூட வசித்துப் பார்த்துக்கொள்ளும் முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்று அரசே கணக்கெடுக்கிறது. 2001-ல் 22.5 சதவீத வீடுகளில் பிள்ளையின் துணைவர், நடைமுறையில் மருமகள். 2022-ல் அது 5.4. மூன்று தலைமுறை வீடுகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. எண்பது வயது மனைவியை எண்பத்திரண்டு வயதுக் கணவர் பார்த்துக்கொள்கிறார், அல்லது யாரும் இல்லை.

ஹெல்ப்பர்-சானும் கிழவியாகிக்கொண்டிருக்கிறார். வீடு வீடாகப் போகும் உதவியாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 65-ஐத் தாண்டியவர். 2022-ல் வேலை தேடும் ஒருவருக்கு இந்தத் தொழிலில் 15 காலியிடங்கள் இருந்தன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு சைக்கிளில் போகும் நேரமும் வேலை நேரமே என்று அரசு 2004-லேயே எழுதிவிட்டது. காப்பீட்டுக் கட்டணத்தில் அதற்கென்று தனித் தொகை கிடையாது. 2019-ல் மூன்று பெண் ஹெல்ப்பர்கள், போகும் நேரத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கிடைக்காத நிலைக்கு அரசே பொறுப்பு என்று டோக்கியோவில் வழக்குத் தொடுத்தார்கள். 2022-ல் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

2024 ஏப்ரலில் அவர்கள் தொழிலின் அடிப்படைக் கட்டணத்தையே குறைத்தார்கள். 45 நிமிடத்துக்கு மேற்பட்ட வாழ்க்கை உதவி 225 புள்ளியிலிருந்து 220 ஆனது. இந்தத் தொழிலில் சராசரி லாபம் 7.8 சதவீதம் என்று ஆய்வு சொல்கிறதாம். அந்தச் சராசரியில், முதியோர் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மாடி மாடியாக ஏறி இறங்கும் நிறுவனமும் உண்டு. பனி பெய்யும் ஊரில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே அரை மணி வண்டி ஓட்டும் நிறுவனமும் உண்டு. அந்த ஆண்டு இத்தொழிலில் 81 நிறுவனங்கள் திவாலாயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை. 2025 ஏப்ரலில், தொழிற்பயிற்சி விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டவரும் வீடுகளுக்குப் போகலாம் என்று கதவைத் திறந்தார்கள். யோமே போன இடத்துக்கு வியட்நாம் பெண்ணோ இந்தோனேசியப் பெண்ணோ வரக்கூடும்.

மருமகளுக்கும் கடைசியில் ஒரு சட்டம் வந்தது. வாரிசு அல்லாத உறவினர், இறந்தவரைக் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கான தொகையை வாரிசுகளிடம் கேட்டுப் பெறலாம் என்று உரிமையியல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் மாமனார் சொத்தில் அவளுக்குப் பங்கும் கிடையாது, செய்த வேலைக்குக் கூலி கேட்கும் வழியும் கிடையாது. மாமனார் இறந்ததையும் வாரிசு யார் என்பதையும் அறிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். எப்படியும் இறந்து ஓராண்டு ஆகிவிட்டால் கேட்க முடியாது.